வால்பாறையின் மக்கள்தொகை ஏன் குறைந்தது? ஊரின் இயல்பை அந்த எண்ணிலிருந்து அறிய முடியுமா?

கேள்வி
எழுதியவர்: பொருளியல் மாணவி, பொள்ளாச்சி

அனைவருக்கும் வணக்கம். சிறு நகரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் மக்கள்தொகையையும் இயல்பையும் குறித்துக் கட்டுரை அளிக்க வேண்டும் என்று எங்கள் துறையில் பணித்திருக்கிறார்கள். கீழே சமவெளியிலிருந்து நாள்தோறும் பார்த்துக்கொண்டே இருக்கும் மலை என்பதால் வால்பாறையை எடுத்துக்கொண்டேன். எளிதாக முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் முதல் அட்டவணையிலேயே நின்றுவிட்டேன்.

2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வால்பாறை நகராட்சியில் ஏறத்தாழ 95,000 பேர் இருந்திருக்கிறார்கள். 2011-இல் அந்த எண்ணிக்கை 71,000-க்கும் சற்றுக் கீழே வந்துவிட்டது. அதே பத்தாண்டுகளில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 6.24 கோடியிலிருந்து 7.21 கோடியாக உயர்ந்திருக்க, ஒரு நகராட்சி மட்டும் நான்கில் ஒரு பங்கு மக்களை இழந்திருப்பது எனக்குப் புரியவில்லை. வெள்ளமோ நிலநடுக்கமோ வந்து ஊர் காலியானதாகவும் தெரியவில்லை. இது எல்லை மாற்றத்தால் வந்த கணக்குத் தோற்றமா, உண்மையான வெளியேற்றமா?

இரண்டாவது ஐயம், தொழிற்பிரிவுகளைப் பற்றியது. உழவர், வேளாண் கூலித் தொழிலாளர், வீட்டுத் தொழில் செய்வோர், பிற தொழிலாளர் என்று நான்கு பிரிவுகள் இருக்கின்றன. தேயிலைத் தோட்டங்களே நிறைந்த ஊரில் வேளாண் கூலித் தொழிலாளர்களே மிகுதியாக இருப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஆனால் உழைப்பவர்களில் பெரும்பாலோர் "பிற தொழிலாளர்" என்னும் கட்டத்தில் இருக்கிறார்கள். இதை வைத்து ஊரின் இயல்பைப் பற்றி என்ன எழுதுவது?

மூன்றாவதாக, 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்காத நிலையில், இன்றைய மக்கள்தொகை என்று எந்த எண்ணைக் குறிப்பிடுவது முறையாகும்? இணையத்தில் பல மதிப்பீடுகள் உலவுகின்றன. அவை எவ்வாறு கணக்கிடப்பட்டன என்பது எங்கும் சொல்லப்படவில்லை.

மறுமொழி 1
எழுதியவர்: ஓய்வுபெற்ற ஆசிரியர்

மாணவிக்கு வணக்கம். நான் வால்பாறை வட்டத்துப் பள்ளிகளில் பணியாற்றியவன். நீங்கள் குறிப்பிடும் இரண்டு கணக்கெடுப்புகளிலும் தோட்டப் பகுதியில் கணக்கெடுப்பாளராகப் போயிருக்கிறேன். எனவே இரண்டாவது ஐயத்திலிருந்து தொடங்குகிறேன்.

"பிற தொழிலாளர்" என்பது, முதல் மூன்று பிரிவுகளிலும் அடங்காத அனைவரையும் கொட்டி வைக்கும் கட்டம். அரசு ஊழியர், ஆசிரியர், ஆலைத் தொழிலாளர், வணிகர், ஓட்டுநர் ஆகியோரோடு தோட்டத் தொழிலாளரும் அந்தப் பிரிவிலேயே சேர்க்கப்படுகிறார் என்று கணக்கெடுப்பின் விளக்கக் குறிப்பே கூறுகிறது. ஆகவே, இடுப்பில் பிளாஸ்டிக் படுதாவைச் சுற்றிக்கொண்டு, மழையில் அட்டைக்கடிக்கு நடுவே கொழுந்து பறிக்கும் பெண்ணும், பஜாரில் வங்கிக் கிளையில் அமர்ந்திருக்கும் எழுத்தரும் உங்கள் அட்டவணையில் ஒரே வகையினர். பெயரில் நகராட்சியாகவும் வாழ்க்கையில் தோட்டமாகவும் இருக்கும் ஓர் ஊரை இந்த அட்டவணை அடையாளம் காட்டவே காட்டாது. அந்தப் பிரிவின் எண்ணைக் கொண்டு "வால்பாறை மக்களுள் பெரும்பாலோர் நகர்ப்புறத் தொழில்களில் ஈடுபட்டுள்ளனர்" என்று எழுதிவிடாதீர்கள். இதற்கு முன் அப்படி எழுதிய கட்டுரைகளை நான் படித்து வருந்தியதுண்டு.

எல்லை மாற்றம் காரணமன்று. குறைவு உண்மையானது; அது எங்கள் கண்முன்னே நடந்தது. 2011-இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை கணக்கெடுத்தோம். 28-ஆம் நாள் இரவு வீடற்றவர்களைக் கணக்கெடுத்துவிட்டு, மார்ச் 1 முதல் 5 வரை மீண்டும் ஒருமுறை சுற்றி, இடையில் நிகழ்ந்த பிறப்பு இறப்புகளைத் திருத்தினோம். ஒரு கணக்கெடுப்புத் தொகுதி என்பது பொதுவாக அறுநூறு, அறுநூற்றைம்பது பேர் அடங்கியது. சமவெளியில் அது இரண்டு மூன்று தெருக்களுக்குள் முடிந்துவிடும். இங்கோ தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லைன் வீட்டு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குப் போக ஒரு மலைச்சரிவையே கடக்க வேண்டும். பகலில் போனால் வீட்டில் கிழவர்களும் குழந்தைகளுமே இருப்பார்கள். மாலையில் எல்லோரும் திரும்பிய பின் போகலாமென்றால், இருட்டிய பிறகு தேயிலைச் செடிகளுக்கு நடுவே நடப்பதற்கு யானையும் சிறுத்தையும் இடம் தருவதில்லை. ஆகவே விடியற்காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னும், ஞாயிற்றுக்கிழமைகளிலும்தான் பெரும்பகுதியை முடித்தோம்.

பூட்டிய வீடுகள்தாம் அந்த ஆண்டில் என்னைத் திடுக்கிடச் செய்தன. பத்து வாசல் கொண்ட வரிசையில் மூன்று நான்கு வாசல்கள் பூட்டியிருக்கும். பக்கத்து வீட்டாரைக் கேட்டால், "திருப்பூருக்குப் போயிட்டாங்க சார்" என்பார்கள். சில வரிசைகளில் கூரையையே பிரித்து எடுத்திருந்தார்கள். பள்ளியிலும் இதே கதைதான். ஜூன் மாதத்தில் மாற்றுச் சான்றிதழ் எழுதிக் கொடுப்பதே தலைமையாசிரியருக்குப் பெரிய வேலையாக இருந்தது.

மறுமொழி 2
எழுதியவர்: முடீஸ் பக்கத்தில் பிறந்தவன்

ஆசிரியர் ஐயா சொன்ன திருப்பூருக்குப் போனவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. பாட்டனார் காலத்தில் தென்மாவட்டத்திலிருந்து, தோட்டத்துக்கு ஆள் திரட்டும் கங்காணி வழியாக மலையேறி வந்தவர்கள் நாங்கள். மூன்று தலைமுறை அங்கே உழைத்தும், அந்த மலையில் எங்களுக்கென்று ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஊரின் இயல்பைப் பற்றி எழுதுகிறவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து.

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு வீடும் மருத்துவமும் குழந்தைகள் காப்பகமும் நிர்வாகமே தர வேண்டும் என்று விதித்தது. அது பெரிய பாதுகாப்புதான், மறுக்கவில்லை. ஆனால் வேலையோடு வந்த வீடு வேலையோடே போய்விடும். ஓய்வுபெற்றவரின் மகனோ மகளோ அதே தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தால் குடும்பம் அங்கேயே தொடரலாம். பிள்ளைகள் பத்தாவது, பன்னிரண்டாவது படித்து, கொழுந்து பறிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டால், பணிக்கொடையையும் வைப்புநிதியையும் வாங்கிக்கொண்டு சாமான்களை வண்டியில் ஏற்ற வேண்டியதுதான். வேறு ஊர்களில் வேலை போனாலும் வீடு இருக்கும். ஓய்வுபெற்ற கிழவர் திண்ணையிலாவது உட்கார்ந்திருப்பார். வால்பாறையில் ஓய்வு என்பதே மலையிறங்குவதுதான்.

இது எப்போதும் இருந்த நிலைதானே, 2001-க்குப் பிறகு மட்டும் ஏன் இவ்வளவு பேர் என்று கேட்கலாம். தொண்ணூறுகளின் இறுதியில் தேயிலை விலை சரிந்தது. தென்னிந்தியத் தேயிலையைப் பெருமளவில் வாங்கிவந்த சோவியத் ஒன்றியம் அதற்கு முன்பே உடைந்திருந்தது. சில தோட்டங்களில் சம்பளம் தள்ளிப்போனது. புதிதாக ஆள் எடுப்பது நின்றது. கையால் கிள்ளிப் பறித்த காலத்தில் ஒருவர் பறிக்கும் அளவுக்கு ஓர் எல்லை இருந்தது. கொழுந்து வெட்டும் கத்தரிக்கோல் வந்த பிறகு அதே ஆள் பன்மடங்கு வெட்டிப் பையில் நிரப்பிவிடுகிறார். நூறு பேர் வேலை செய்த காட்டுக்கு நூறு பேர் தேவைப்படவில்லை. அதே நேரத்தில் கீழே திருப்பூரின் பனியன் கம்பெனிகள் ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தன. மேலே தள்ளுவதும் கீழே இழுப்பதும் ஒரே பத்தாண்டில் சேர்ந்துகொண்டன. கால் பங்கு மக்கள் இறங்கிப் போனதில் எனக்கு வியப்பில்லை.

மறுமொழி 3
எழுதியவர்: நகரமைப்பு ஆய்வாளர்

மேலே இருவரும் கூறியவற்றோடு ஒப்பீடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மக்கள்தொகை குறைந்த நகரங்கள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை என்று கட்டுரையில் கருதிவிடக் கூடாது.

அதே 2001–2011 காலத்தில் சிவகாசி நகராட்சியின் எண்ணிக்கையும் சற்றுக் குறைந்தது: 72,000 என்ற அளவிலிருந்து 71,000 என்ற அளவுக்கு வந்தது. சிவகாசி தேய்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். பழைய நகராட்சி எல்லைக்குள் அச்சகமும் கிடங்கும் கடையும் நெருக்கியதால், குடியிருப்புகள் எல்லையைத் தாண்டித் திருத்தங்கல் பக்கமும் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் பெருகின. 2021-இல் திருத்தங்கலையும் இணைத்துச் சிவகாசி மாநகராட்சியாகவே ஆக்கப்பட்டது. அங்கே எல்லைக்குள் குறைந்தது எல்லைக்கு வெளியே கூடியிருந்தது. வால்பாறைக்கு அப்படி வழிந்தோடப் புறநகர் கிடையாது. தோட்டங்கள் முடியும் இடத்தில் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் காடு தொடங்கிவிடுகிறது. ஆகவே இங்கே குறைந்தவர்கள் பக்கத்து ஊர் எண்ணிக்கையில் தென்பட மாட்டார்கள். அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் பொள்ளாச்சியிலோ, அதற்கும் அப்பால் கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோதான் தேட வேண்டும்.

இன்னொன்று. கணக்கெடுப்பில் நகரம் என்று கருதப்பட இரண்டு வழிகள் உள்ளன. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்று அரசு சட்டப்படி அறிவித்தவை அனைத்தும் நகரங்களே. அவ்வாறு அறிவிக்கப்படாத ஊராக இருந்தால், குறைந்தது 5,000 பேர் இருக்க வேண்டும். ஆண் முதன்மைத் தொழிலாளரில் 75 விழுக்காட்டினராவது வேளாண்மை சாராத தொழில் செய்ய வேண்டும். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வாழ வேண்டும். இவற்றை நிறைவு செய்தால் அது "கணக்கெடுப்பு நகரம்". 2011-இல் நாடு முழுவதும் சட்டப்படியான நகரங்கள் 4,041, கணக்கெடுப்பு நகரங்கள் 3,894. இந்த இரண்டாம் வகை 2001-இல் 1,362 மட்டுமே என்பதைப் பாருங்கள். நகரத்தின் தன்மையை அடைந்தும் ஊராட்சியாகவே நீடிக்கும் இடங்கள் அந்த அளவுக்குப் பெருகியிருக்கின்றன.

வால்பாறை இதற்கு நேர் எதிரானது. பீடபூமி ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர். 71,000 பேரை அதில் பரப்பினால் சதுர கிலோமீட்டருக்கு 320 பேர் அளவில்தான் வரும். சட்டம் நகராட்சி என்று அறிவித்திருக்காவிட்டால், அடர்த்தி அளவுகோலில் அது நகரமாகத் தேறுவதே ஐயம். ஆனால் அந்தச் சராசரியும் ஒரு மாயைதான். பஜாரில் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. லைன் வீடுகளில் ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் இடையே ஒரு சுவர். மிச்ச நிலமெல்லாம் தேயிலையும், நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்களும், இடையிடையே தப்பிப் பிழைத்த சோலைத் துண்டுகளும். அடர்த்தி குறைவு என்பதை நெருக்கமில்லாத வாழ்க்கை என்று படித்துவிட வேண்டாம்.

மறுமொழி 4
எழுதியவர்: பஜார் கடைக்காரர்

எல்லோரும் எழுதுவதைப் படித்தால் ஊரில் ஆளே இல்லை என்று தோன்றும்போல் இருக்கிறது. நான் இங்கேதான் கடை வைத்திருக்கிறேன். சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஜாருக்கு வந்து பாருங்கள். சோலையாறு, கருமலை, உருளிக்கல், ஷேக்கல்முடி என்று ஒவ்வொரு எஸ்டேட்டிலிருந்தும் வரும் பேருந்துகளில் இறங்குவோர் கூட்டத்தில் நடக்க இடமிருக்காது. வாரத்துக்கு வேண்டிய அரிசி, பருப்பு, காய்கறி, கறி எல்லாம் அன்றே வாங்கிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார்கள். மற்ற நாட்களில் மதிய வேளையில் எங்கள் தெரு ஓய்ந்து கிடக்கும். சமவெளியில் கடை நடத்துகிறவர்களுக்கு இந்தக் கணக்கு புரியாது.

அந்தக் கூட்டத்தில் இப்போது அசாமியரும் சார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். தமிழ்க் குடும்பங்கள் காலி செய்த லைன் வீடுகளில்தான் அவர்கள் குடியிருக்கிறார்கள். வந்த புதிதில் விரலால் காட்டிப் பொருள் வாங்கியவர்கள், இன்று என்னிடம் தமிழில் பேரம் பேசுகிறார்கள். அவர்கள் பிள்ளைகள் இங்குள்ள பள்ளிகளில் தமிழ் படிக்கிறார்கள். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் தென்மாவட்டத்திலிருந்தும் மலையாள நாட்டிலிருந்தும் மக்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய அதே மலை, இப்போது வேறு திசையிலிருந்து ஆட்களை அழைத்துக்கொள்கிறது. ஆனால் கட்டுரைகளிலோ, கார்வர் மார்ஷ் என்னும் வெள்ளைக்காரர் காட்டைத் திருத்தித் தோட்டம் போட்டார், மலைப்பாதையில் அவருக்குச் சிலை இருக்கிறது என்பதோடு வரலாறு முடிந்துவிடுகிறது. அதற்கும் முன்பிருந்தே இந்தக் காடுகளில் வாழும் காடர், முதுவர் முதலிய பழங்குடியினரைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. மாணவி அந்தப் பிழையைச் செய்ய வேண்டாம்.

சுற்றுலாவையும் சொல்ல வேண்டும். ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வருகிறவர்கள் வரையாட்டைப் பார்த்தோம், புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்கைப் பார்த்தோம் என்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவர்களால் விடுதிக்காரருக்கும் உணவகத்துக்கும் வருமானம் உண்டு. எங்கள் மளிகைக் கடைக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஊரை நடத்துவது இன்னமும் எஸ்டேட் சம்பளம்தான்.

ஊரின் இயல்பு என்று கேட்டீர்கள். ஜூன், ஜூலையில் பொள்ளாச்சியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது, "வால்பாறை வட்டப் பள்ளிகளுக்கு மட்டும் இன்று விடுமுறை" என்று செய்தி வரும். பக்கத்தில் உள்ள சின்னக்கல்லாறு தமிழகத்திலேயே மிகுதியாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. இரவானால், எந்தத் தோட்டத்துப் பக்கம் யானை நிற்கிறது என்பதைக் கைப்பேசிக் குறுஞ்செய்தியிலும், கம்பத்தில் எரியும் சிவப்பு விளக்கிலும் தெரிந்துகொண்டுதான் வீட்டுக்குப் போகிறோம். எந்த வழியாகப் போவது, எத்தனை மணிக்குக் கடையைச் சாத்துவது என்பதையெல்லாம் எங்களுக்கு மழையும் யானையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

கேட்டவரின் தொடர் வினா
எழுதியவர்: பொருளியல் மாணவி, பொள்ளாச்சி

அனைவருக்கும் நன்றி. குறைவு உண்மையானது என்பதும், அதன் காரணம் வீட்டுரிமையோடு பின்னியிருக்கிறது என்பதும் தெளிவாகிவிட்டன. கடைக்காரர் அண்ணன் எழுதியதிலிருந்து ஒரு புதிய ஐயம் எழுகிறது. வடமாநிலத் தொழிலாளர்கள் வால்பாறைக் கணக்கில் சேர்வார்களா, அவரவர் சொந்த ஊர்க் கணக்கில் சேர்வார்களா? அதேபோல், மலையிறங்கிப் போன பின்பும் குடும்ப அட்டையையும் வாக்காளர் பட்டியலில் பெயரையும் இங்கேயே வைத்திருப்பவர்கள் எங்கே எண்ணப்படுவார்கள்?

மறுமொழி 5
எழுதியவர்: ஓய்வுபெற்ற ஆசிரியர்

நம் நாட்டுக் கணக்கெடுப்பு, ஒருவர் எங்கே பிறந்தார், அட்டை எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்து எண்ணுவதில்லை. கணக்கெடுப்புக் காலத்தில் வழக்கமாக எங்கே தங்கியிருக்கிறாரோ அங்கேதான் எண்ணும். லைன் வீட்டில் குடியிருக்கும் அசாம் குடும்பம் வால்பாறை மக்கள்தொகையில் சேரும். திருப்பூரில் வாடகை வீட்டில் இருப்பவர், வால்பாறை வாக்காளராகவே இருந்தாலும், திருப்பூர்க் கணக்கில்தான் வருவார். வாக்காளர் பட்டியலையும் குடும்ப அட்டைகளையும் கூட்டிப் பார்த்து மக்கள்தொகையை ஊகிப்பது இத்தகைய ஊர்களில் பெரிதும் தவறிப்போகும்.

இடப்பெயர்ச்சியைப் பற்றி 2011-ஆம் ஆண்டுப் படிவத்திலேயே கேள்விகள் உண்டு. மொத்தம் இருந்த 29 கேள்விகளில், பிறந்த இடம், கடைசியாகக் குடியிருந்த இடம், இடம்பெயர்ந்த காரணம், இங்கே வந்து எத்தனை ஆண்டுகள் என்னும் நான்கும் இதற்கானவை. மொழி தெரியாத வீடுகளில் இந்த நான்கையும் நிரப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பெரும்பாலும் பள்ளிக்குப் போகும் குழந்தைதான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர்.

இன்றைய எண்ணைப் பற்றிய மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் தரவில்லை. இணைய மதிப்பீடுகளில் பல, மாநில வளர்ச்சி விகிதத்தை 2011-ஆம் ஆண்டு எண்ணோடு பெருக்கிப் போட்டவை. வளர்ந்துவரும் ஊருக்கு அது ஓரளவு பொருந்தலாம். குறைந்துகொண்டிருந்த ஊருக்கு அப்படிச் செய்தால் திசையே மாறிவிடும். 2011-ஆம் ஆண்டு எண்ணை ஆண்டோடு சேர்த்துக் குறிப்பிட்டு, 2001-ஆம் ஆண்டு எண்ணைப் பக்கத்தில் வையுங்கள். அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாளாக, அதாவது அந்த நாளின் நிலவரமே கணக்காகும் என்று, அறிவிக்கப்பட்டிருக்கிறது. சாதிவாரி விவரமும் அதில் கேட்கப்படும் என்றும், கைப்பேசிச் செயலி வழியாகவே விவரங்கள் திரட்டப்படும் என்றும் அரசு கூறியுள்ளது. சில லைன் வீட்டு வரிசைகளில் சிக்னல் கிடைக்க மேட்டுக்கு ஏற வேண்டியிருக்குமே என்பது என்னைப் போன்ற பழைய கணக்கெடுப்பாளர்களின் கவலை.

கட்டுரைக்கு இன்னொரு நூலையும் பாருங்கள். கோயம்புத்தூர் மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடு இரண்டு பகுதிகளாக வந்திருக்கிறது. நகர விவரத் தொகுப்பு உள்ள முதற்பகுதியில், ஒவ்வொரு நகரத்துக்கும் மழையளவு, சாலை, குடிநீர், மருத்துவமனைப் படுக்கைகள், அங்கே உற்பத்தியாகும் முக்கியப் பொருள்கள் ஆகியவை தரப்பட்டிருக்கும். இரண்டாம் பகுதியில் எண்ணிக்கை வார்டு வாரியாகவே இருக்கிறது. பஜாரை ஒட்டிய வார்டுகளையும் தொலைதூர எஸ்டேட் வார்டுகளையும் தனித்தனியே கூட்டி, 2001-ஆம் ஆண்டுக் கையேட்டோடு ஒப்பிடுங்கள். இடையில் வார்டு எல்லைகள் மாறினவா என்பதை நகராட்சி அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த எஸ்டேட்டுகள் அதிகம் காலியாயின என்பது அந்த ஒப்பீட்டில் பெருமளவு வெளிப்பட்டுவிடும்.